பங்கில் பிறந்த பியூகிள் அணி

வெண்பாவைப் பற்றிச் சென்ற நிகழ்ச்சியில் பேசியபோது, தளைதான் அந்த யாப்பின் உயிர் என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்ட நேயர் ஒருவர், “தளையை அறுத்த பிறகுதானே தமிழ்க் கவிதை ஓடத் தொடங்கியது?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதற்குக் கவிதையை வைத்தே பதில் சொல்வதிலும் பார்க்க, கவிதைக்கு வெளியே நடந்த ஒரு வரலாற்றைச் சொல்வது பயன் தரும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே இம்முறை புத்தகங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அமெரிக்காவில் இளைஞர்கள் நடத்திவந்த முரசு, பியூகிள் அணிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அங்கே இவற்றை ‘ட்ரம் கோர்’ என்பார்கள். எழுதுகையில் ‘கோர்ப்ஸ்’ என்று வரும், சொல்லுகையில் ‘கோர்’தான்.

குறிப்பாக ஒரேயோர் அணியின் கதை. 1934இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் கார்ஃபீல்ட் என்னும் சிறு நகரில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் பிறந்து, 2024இல் நின்றுபோன ‘கடேற்ஸ்’ அணி.

முதலில் பியூகிள் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் படித்த பாடசாலையில் கடேற் பாண்ட் ஒன்று இருந்தது. அதன் பித்தளைப் பியூகிள் ஒன்றை ஒருநாள் மதிய இடைவேளையில் இரகசியமாக எடுத்து, அந்நாளில் எல்லோரும் முணுமுணுத்த ஒரு சினிமாப் பாட்டின் முதலடியை ஊதிவிட முயன்றேன். முதற் சுரம் வந்தது. இரண்டாவது வரவில்லை. கன்னம் வீங்க ஊதியும் வரவில்லை. பின்னால் வந்து நின்ற பாண்ட் மாஸ்டர் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. “தம்பி, அதுக்குள்ள நாலைஞ்சு சத்தந்தான் இருக்கு. பாட்டு வேணுமெண்டா வேற குழல் பாரும்” என்றார். அந்த ‘நாலைஞ்சு சத்தம்’ என்ற சொல்லில் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருந்தது என்பது நெடுங்காலத்துக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று.

வானொலியில் இதைச் சொன்னபோது ஓர் ஒலிப்பதிவை இடையில் சேர்க்க முடிந்தது. பத்திரிகையில் ஓசை இல்லை, ஆகையால் சுரங்களை எழுதியே காட்டுகிறேன். சாதாரண பியூகிளுக்குத் துளையுமில்லை, வால்வுமில்லை. உதட்டின் இறுக்கத்தை மாற்றித்தான் சுரத்தை மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் இலகுவில் கிடைப்பவை ஸ, ப, மேல் ஸ, அதற்கு மேலே அந்தர காந்தாரம், மீண்டும் ப. மேலே இன்னுஞ் சில சுரங்கள் உண்டு, ஆனால் அவை பழகாத உதட்டுக்கு அகப்படுவதில்லை. போர்க்களத்தில் ‘எழும்பு’, ‘முன்னேறு’, ‘விளக்கை அணை’ என்று அறிவிக்க இவ்வளவு போதும். பாட்டுக்குப் போதாது.

இந்த அணிகள் தோன்றியது போர்க்களத்தின் மிச்சத்திலிருந்துதான். முதலாம் உலகப் போரில் ஈடுபட்டுத் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் 1919இல் ‘அமெரிக்கன் லீஜன்’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஊருக்கு ஊர் அதன் கிளைகள் எழுந்தன. கையில் முரசும் பியூகிளும் இருந்தன. ஒன்றாக அடியெடுத்து வைக்கும் பழக்கம் காலில் இருந்தது. கிளைகள் தமக்குள் போட்டி நடத்தத் தொடங்கின. 1921இல் கன்சாஸ் நகரில் லீஜனின் முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. தந்தையர் ஊதியதைப் பார்த்த பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது. தேவாலயங்கள், சாரணர் குழுக்கள், பொலிசார் நடத்திய சிறுவர் கழகங்கள் எல்லாம் இளைஞர் அணிகளை அமைத்தன. காசில்லாத காலத்தில் பிள்ளைகளைத் தெருவில் திரிய விடாமல் வைத்திருக்க இதைவிட மலிவான வழி கிடைப்பது கடினம்.

கார்ஃபீல்ட் அப்படிக் காசில்லாத ஓரிடம். பசேக் ஆற்றங்கரையில், கம்பளி ஆலைகளை நம்பிப் பிழைத்த குடியேறிகளின் நகரம். 1926இல் அந்தப் பகுதி முழுவதையும் ஸ்தம்பிக்க வைத்த நெசவாலை வேலைநிறுத்தத்தில் கார்ஃபீல்ட் தொழிலாளரும் பங்குபற்றினர். அதன் பிறகு பெருமந்தம் வந்தது. அந்த மந்தத்தின் நடுவில், 1934இல், ‘ஹொலி நேம்’ என்னும் கத்தோலிக்கப் பங்கில் ‘ஹொலி நேம் கடேற்ஸ்’ தொடங்கப்பட்டது. பங்கின் பெயரே அணியின் பெயர். பிற்காலத்தில் உலகறிந்த அதன் சீருடை மரூன் நிற மேலாடை, வெண்ணெய் நிறக் காற்சட்டை, தலையில் இறகு செருகிய உயர்ந்த தொப்பி. வெட்டிலும் தையலிலும் அது வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரி மாணவரின் உடையைப் பின்பற்றியது. ஆலைத் தொழிலாளியின் மகன் ஞாயிற்றுக்கிழமையில் அதிகாரியைப் போல நடந்தான். அந்த நடையில் ஊருக்கு இருந்த பெருமிதத்தை வேற்றூரான் எளிதில் புரிந்துகொள்ள முடியாது.

அக்காலப் போட்டி விதிகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அணி வரம்புக்கோட்டிலிருந்து புறப்பட்டு, குறித்த நேரத்துக்குள் மைதானத்தைக் கடந்து முடிக்க வேண்டும். தேசியக் கொடிக்கு உரிய மரியாதை தவறக்கூடாது. சப்பாத்தின் பளபளப்பையும் தலைமயிரின் நீளத்தையும்கூட நடுவர்கள் பரிசோதித்த காலமுண்டு. வாத்தியம் தொடங்கியதும் பென்சிலும் காகிதமுமாக நடுவர்கள் வரிசைகளுக்கிடையே நடப்பார்கள். ஒரு முரசுக் குச்சி சற்றுப் பிந்தினால் ஒரு கீறல். ஒரு கால் வரிசையை விட்டு விலகினால் ஒரு கீறல். ஒவ்வொரு கீறலுக்கும் பத்தில் ஒரு புள்ளி கழியும். முழுப் புள்ளியில் தொடங்கி கழித்துக்கொண்டே போவது.

நம்முடைய நக்கீரர் மரபும் ஏறத்தாழ இதுதானே! சொல்லிலே குற்றமா, பொருளிலே குற்றமா என்று தேடுகிற விமர்சனம். ஈழத்துப் பத்திரிகைகளில் இன்றும் நூல் மதிப்புரை என்ற பெயரில் எழுத்துப் பிழைப் பட்டியல் வருவதைக் காண்கிறோம். ஆனால் அந்த முறையை முற்றாக ஏளனம் செய்ய என்னால் முடியவில்லை. பிழைக்கு அஞ்சியே அந்தப் பிள்ளைகள் அசாத்தியமான துல்லியத்தை எட்டினார்கள். பிழைக்கு அஞ்சியதால் புதிதாக எதையும் செய்து பார்க்கத் தயங்கினார்கள் என்பதும் உண்மை.

பியூகிளுக்கு மெல்ல மெல்ல வசதிகள் வந்து சேர்ந்தன. முதலில் ஒரு பிஸ்டன். அதை அமுக்கினால் குழலின் நீளம் கூடி, சுர வரிசை முழுவதும் கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கும். அப்போது ப, ரி, ப, நி, ரி என்று கிடைக்கும். முன்பு இருந்தவற்றுடன் சேர்த்துப் பாருங்கள்: ஸ, ரி, க, ப, நி. ஹம்சத்வனியின் சுரங்கள்! ‘வாதாபி கணபதிம்’ கீர்த்தனையின் ராகத்துக்கு வேண்டிய அத்தனையும் ஓர் அமெரிக்கச் சிறுவனின் கைக்குள் வந்துவிட்டன. அவனுக்கு அது தெரிய நியாயமில்லை. மத்திமமும் தைவதமும்தான் குறை. அடுத்து, 1960களில், முழுச் சுரமோ அரைச் சுரமோ இறக்கும் சுழல் வால்வு வழக்கில் வந்தது. முழுச் சுரம் இறக்கினால் மத்திமம் கிடைக்கும். பிஸ்டனையும் சேர்த்து அமுக்கினால் தைவதமும் வரும். சங்கராபரணம் நிரம்பிவிட்டது.

ஆனாலும் ஒவ்வொரு குழலிலும் ஒவ்வொரு சுரம் தட்டுப்பாடு. ஆகவே பாட்டை அமைப்பவர் ஒரு மெட்டைத் துண்டு துண்டாக்கி, இந்த வரிசை இரண்டு சுரம், அந்த வரிசை மூன்று சுரம் என்று பங்கிட்டுக் கொடுப்பார். தனியாக ஒருவன் ஊதினால் அது பாட்டல்ல. ஐம்பது பேரும் தத்தம் இடத்தில் தத்தம் கணத்தில் ஊதினால்தான் பாட்டு. முரசுப் பக்கமும் அப்படித்தான். பெரிய கெட்டில் முரசுகளை ஆளுக்கொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு நாலைந்து பேர் நடப்பார்கள். சபாக் கச்சேரியில் ஒருவர் நின்று வாசிக்கும் வாத்தியம் அது. இங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு சுருதி மாத்திரம். தன்னுடைய சுருதி வரும்வரை நடந்துகொண்டே காத்திருக்க வேண்டும். தளை என்று நான் சொன்னது இதைத்தான்.

1950களின் இறுதியில் பங்குடனான உறவு முறிந்தது. அணி ‘கார்ஃபீல்ட் கடேற்ஸ்’ ஆயிற்று. லீஜனின் பட்டத்தையும், வெளிநாட்டுப் போர்களில் பங்குகொண்டோர் சங்கத்தின் பட்டத்தையும் அது பலமுறை வென்றது. பெயரில் பங்கு இல்லாவிட்டாலும், அணிக்குரிய பாடலில் அந்தப் பழைய திருப்பெயர் அப்படியே இருந்தது. இந்தச் சிறு விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து 1971. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு. போட்டிகளை நடத்தியவர்கள் முன்னாள் சிப்பாய்கள். விதி எழுதுவதும் அவர்கள், நடுவரை நியமிப்பதும் அவர்கள், பரிசுப் பணத்தைத் தீர்மானிப்பதும் அவர்கள். ஊதி, அடித்து, நடந்து, மைதானத்தை நிரப்பியவர்கள் இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அந்த ஆண்டு மூன்று அணிகள் வழக்கத்துக்கு மாறாக ஒவ்வொரு கருப்பொருளை எடுத்துக்கொண்டன. சிகாகோவின் ‘கவலியர்ஸ்’ சர்க்கஸைக் காட்டியது. ‘மடிசன் ஸ்கௌற்ஸ்’ அலீஸின் அற்புத உலகை எடுத்துக்கொண்டது. வெஸ்ட் பொயின்ற் உடையணிந்த கார்ஃபீல்ட் கடேற்ஸ் எடுத்துக்கொண்ட பொருள், ‘இனிப் போர் வேண்டாம்’.

இதை நான் முதன்முதலில் வாசித்தபோது சிறிது நேரம் மேலே வாசிக்கவில்லை. போர்வீரர் சங்கங்கள் வளர்த்த கலையில், இராணுவ உடுப்பில், இராணுவ வாத்தியத்தில், இராணுவத்துக்கு அழைக்கப்படும் வயதிலிருந்த பிள்ளைகள் அதைச் சொன்னார்கள். துண்டுப் பிரசுரம் எழுதிச் சொல்லவில்லை. கால் வரிசை தவறாமல் நடந்து சொன்னார்கள். போர் என்ற சொல்லை நாளாந்தம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை மனத்தில் வரைந்துகொள்வது கஷ்டமல்ல.

அதே ஆண்டில் மத்திய, மேற்கு மாநிலங்களின் ஐந்து அணிகள் தமக்குள் ஒரு கூட்டை அமைத்தன. கிழக்குப்புற அணிகள் சிலவும் அவ்வாறே கூடின. கடேற்ஸ் அவற்றில் ஒன்று. போட்டிகளை அணிகளே நடத்த வேண்டும், விதிகளை அணிகளே எழுத வேண்டும் என்பது கோரிக்கை. அதிலிருந்து ‘ட்ரம் கோர் இன்ரநெஷனல்’ என்ற அமைப்பு உருவாயிற்று. 1972 ஓகஸ்டில் விஸ்கொன்சின் மாநிலத்து வைற்வோட்டரில் அதன் முதலாவது சம்பியன் போட்டி நடந்தது. கலிபோர்னியாவின் ‘அனஹைம் கிங்ஸ்மென்’ வென்றது. அந்த அணியும் இன்று போட்டியில் இல்லை.

சுதந்திரம் வந்ததும் விதிகள் தளர்ந்தன. 1977இல் இரண்டு வால்வுகள் அனுமதிக்கப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் கனத்த தாள வாத்தியங்களைத் தோளிலிருந்து இறக்கி, மைதானத்தின் முன்னோரத்தில் நிலையாக வைக்க இடமளித்தார்கள். ஆளுக்கொரு சுருதி சுமந்து நடந்த காலம் அத்துடன் முடிந்தது.

அதுவரை சம்பியன் பட்டம் மேற்கிலும் மத்தியிலுமே சுற்றிக்கொண்டிருந்தது. 1983இல் மயாமியில் கடேற்ஸ் அதைக் கிழக்குக்குக் கொண்டுவந்தது. 1984, 1985 ஆகிய ஆண்டுகளிலும் அதுவே வென்றது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற முதலாவது அணி அது.

இந்த ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதை எனக்குக் காட்டியது ஒரு வீடியோ கசற். 1990களில் ரொறன்ரோவிலிருந்து வந்த என் மைத்துனர் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்துத் தந்தார். “அத்தான், உங்களுக்கு உந்தப் பாண்ட் விசயமெல்லாம் பிடிக்குமல்லோ” என்றார். பலமுறை பிரதி செய்து பனிமூட்டமாகிப்போன படம். அதற்கு முந்திய காலத்து அணிகள் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒத்து நின்று நடப்பார்கள். இடப்பக்கம் ஒரு முக்கோணம் என்றால் வலப்பக்கமும் ஒரு முக்கோணம். ஜோர்ஜ் சிங்காலி என்ற நடை அமைப்பாளர் அதைக் கலைத்துவிட்டார். அவருடைய அமைப்பில் சமச்சீர் இல்லை. ஒரு வளைவு நீண்டு கோடாகும், கோடு முறிந்து ஒரு மூலையில் சுருளும், அந்தச் சுருளுக்குள்ளிருந்து வேறொரு வரிசை கிளம்பும். எந்த இடத்தில் ஒரு வடிவம் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று சுட்டிக்காட்ட முடியாது. சில இடங்களில் விநாடிக்கு மூன்று அடி வைத்து நடக்கிறார்கள். அதை ஓட்டம் என்றே சொல்லலாம், ஆனால் இடுப்புக்கு மேலே உடல் அசைவதில்லை. குழல் நடுங்குவதில்லை. 128 பேர். அதுதான் அன்றைய உச்ச எண்ணிக்கை.

1984இல் அவர்கள் எடுத்துக்கொண்ட இசை லெனாட் பேர்ன்ஸ்ரைனின் ‘வெஸ்ற் சைட் ஸ்ரோரி’. அட்லாண்டாவில் நடந்த இறுதிப் போட்டியில் நூற்றுக்கு 98 புள்ளி. 1985இல் அதே இசைஞரின் ‘ஜெரமாயா’ சிம்பொனி. 1987இல் ஏரன் கோப்லண்டின் ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’ கொண்டு மீண்டும் சம்பியன். பெருஞ் சபாக்களில் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து வாசிக்கும் இசை அது. இங்கே இரண்டு வால்வு பியூகிளில், புல்தரையில், நடந்துகொண்டு! ஒவ்வொரு குழலிலும் இன்னமும் சில சுரங்கள் குறை. அந்தக் குறையைப் பங்கிட்டு நிரப்பும் பழைய வித்தை அப்போதும் தேவைப்பட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கலையின் உச்சம் அந்த ஐந்தாண்டுகள்தாம். தளை ஏறத்தாழ நெகிழ்ந்துவிட்டது, ஆனால் முற்றாக அறுந்துவிடவில்லை.

கீறல் போட்டுப் புள்ளி கழிக்கும் முறையையும் 1984இலிருந்து கைவிட்டார்கள். வெறுமையிலிருந்து தொடங்கி, செய்த காரியத்துக்குப் புள்ளி கூட்டிக்கொண்டு போகும் முறை வந்தது. பிழை எண்ணிய கடைசி ஆண்டிலும் கடேற்ஸ் வென்றது. அதைக் கைவிட்ட முதல் ஆண்டிலும் கடேற்ஸ் வென்றது. துல்லியமா, துணிவா என்று வாதாடுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1990இல் மூன்று வால்வுகள். 2000இல் எந்தச் சுருதிக் குழலும் ஊதலாம் என்றாயிற்று. பழைய பியூகிளின் இடத்தை ட்றம்பற் பிடித்தது. 2004இல் ஒலிபெருக்கி, 2009இல் மின்னிசைக் கருவிகள், 2014இல் ட்றொம்போன் உட்பட எல்லாப் பித்தளை வாத்தியங்களும். ஒவ்வொரு தடவையும் பழையவர்கள் ‘இத்துடன் முடிந்தது’ என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கலை முன்னையிலும் பார்க்க விரிந்ததே தவிர முடியவில்லை. கடேற்ஸ் 1990, 1993, 1998 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 2000இல் கவலியர்ஸுடன் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2005, 2011 ஆகியவற்றிலும் வென்றது. மொத்தம் பத்துப் பட்டங்கள்.

ஆனால் முடிந்துபோனது வேறொன்று. அணியின் பெயரிலிருந்து முதலில் பங்கு போயிற்று, பின்பு நகரமும் போயிற்று. தலைமையகம் பென்சில்வேனியாவுக்கு மாறியது. ஊர்ப்பிள்ளைகள் பின்னேரங்களில் நடந்து வந்து பழகிய அணிக்கு, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் தேர்வுக்கு வந்தார்கள். தெரிவானவர்கள் கோடை முழுவதும் இரவில் பஸ்ஸிலும் பாடசாலை மண்டபத் தரையிலும் உறங்கி, நாள் முழுவதும் வெயிலில் பழகி, அதற்குப் பல ஆயிரம் டொலர் கட்டணமும் செலுத்தினார்கள். ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு அங்கே இடமிருந்திருக்குமா? ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த அணிகள் சில பத்துக்களாகச் சுருங்கின. வால்வைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்தவர்கள் இதைப் பற்றி அவ்வளவு விவாதிக்கவில்லை.

2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாப் பத்திரிகை ஒன்று, 1980களின் வெற்றிக் காலந்தொட்டு அணியை நடத்திவந்த இயக்குநர்மீது ஒன்பது பெண்கள் கூறிய பாலியல் குற்றச்சாட்டுக்களை வெளியிட்டது. அவர் பதவி விலகினார். பின்னர், பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் துன்புறுத்தல் தொடர்பாக முன்னாள் அங்கத்தவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2024 வசந்தத்தில் கடேற்ஸ் அமைப்பு வங்குரோத்து நிலையை அறிவித்துத் தன் செயற்பாடுகளை நிறுத்திக்கொண்டது. தொண்ணூறாவது ஆண்டுக்குரிய கோடையில் அது மைதானத்தில் இறங்கவில்லை.

பழைய பங்குக் காலம் தூய்மையானது, புதிய காலம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பங்குகளிலும் பிள்ளைகளுக்கு என்னென்ன நேர்ந்தன என்பது இப்போது ஊரறிந்த விஷயம். ஆனால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை வீட்டிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, அடுத்த ஆண்டும் இடம் கிடைக்குமோ என்ற ஏக்கத்துடன், மறுபேச்சில்லாமல் கீழ்ப்படியப் பழக்கப்படுகிறது. வரிசை பிசகாமல் நடக்கக் கற்பித்த அதே ஒழுங்குதான் வாயைத் திறக்காதிருக்கவும் கற்பித்தது. அந்த மூன்று வெற்றிகளை இனிமேல் பார்க்கும்போது இதை மறந்துவிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. கசற்றைப் போட்டேன், இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினேன். ஒரு கிழமை கழித்துத் திரும்பப் போட்டேன். அந்த நடையை நடந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். அது அவர்களுக்குரியது. வழக்குத் தொடுத்தவரும் அவர்களில் ஒருவர்.

கேள்வி எழுதிய நேயருக்கு: தளையை அறுக்கலாமா கூடாதா என்பதற்கு இந்த வரலாற்றில் நேரடியான விடை இல்லை. நாலைந்து சத்தத்திலிருந்து கோப்லண்ட்வரை வந்தவர்கள் தளைகளை ஒவ்வொன்றாக அறுத்தே வந்தார்கள். வெண்பாவிலிருந்து புதுக்கவிதைவரை நாமும் அப்படித்தான் வந்தோம். நீங்கள் சொல்வதுபோல ஓட்டம் பிறந்தது உண்மை. எந்தக் கட்டை அறுக்கிறோம் என்று மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எந்தக் கட்டு தானாக அறுந்துகொண்டிருந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

முன்னாள் கடேற்ஸ் அங்கத்தவர்கள் தமக்குள் கடிதம் எழுதும்போது கையெழுத்துக்குக் கீழே சில எழுத்துக்களைச் சேர்ப்பது வழக்கம். அணிக்குரிய பாடலில் வரும் பழைய வாசகம் ஒன்றின் முதலெழுத்துக்கள் அவை. 1934இல் பங்குக் கோயிலில் வைத்த திருப்பெயர் அந்த எழுத்துக்களுக்குள் இருக்கிறது. கார்ஃபீல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைகளும் அதை எழுதியிருக்கிறார்கள்.